ஆளுக்கொரு பலகை

கடற்கரையில் தென்னையைவிடப் புன்னை மரங்கள் அதிகமாக நின்ற காலம் அது. அந்தக் காலத்தில் சிப்பித்துறை என்றொரு பட்டினம் இருந்தது. அந்தப் பட்டினத்தில் ஆவுடையப்பர் என்றொரு வணிகர் இருந்தார். அந்த வணிகரிடம் ஒரு தோணி இருந்தது. அந்தத் தோணியை எத்தனையோ பேர் கட்டினார்கள். ஆனால் அதைக் கட்டியவர் என்று ஒருவரும் இல்லை.

இதென்ன விடுகதையா என்று கேட்கிறீர்கள். விடுகதை இல்லை, கதைதான். பின்னால் உட்கார்ந்து முணுமுணுப்பவர்கள் முன்னால் வந்துவிடுங்கள். எனக்கு இன்று தொண்டை சரியில்லை.

ஆவுடையப்பர் உப்பும் கருவாடும் துணியும் விற்றுப் பணக்காரர் ஆனவர். அவருடைய சரக்கெல்லாம் அடுத்தவர் தோணிகளில்தான் அக்கரைக்குப் போய்வந்தது. "ஊரான் தோணிக்கு நான் எதற்கு வாடகை கொடுக்க வேண்டும்? சொந்தமாக ஒன்று கட்டிவிடலாமே" என்று அவருக்கு ஒருநாள் தோன்றியது. உடனே தேக்கு வந்து இறங்கியது. கயிறு வந்தது. ஆணி வந்தது. வராத ஒன்று ஓடாவிதான். தோணி கட்டுகிறவரை அந்தக் கரையில் ஓடாவி என்பார்கள்.

ஓடாவியை வேலைக்கு வைத்தால் கூலி கொடுக்க வேண்டும். வேலை முடியும்வரை சோறு போட வேண்டும். நல்ல நாள் வந்தால் வேட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆவுடையப்பர் யோசித்தார். அவர் யோசிக்க ஆரம்பித்தால் யாருக்கோ செலவு வரப்போகிறது என்று பொருள். அது அவருக்கு வராது.

கடற்கரை முழுவதும் தண்டோரா போடச் சொன்னார். "ஆவுடையப்பர் தோணி கட்டுகிறார்! தலைமை ஓடாவி தேவை! குடியிருக்க வீடு உண்டு, வருஷம் முழுக்க வேலை உண்டு! கைத்தொழில் தெரிந்தவர்கள் வரலாம்!"

முதலில் வந்தவர் வேலாண்டி. வடகரையில் பேர்பெற்ற ஓடாவி. ஆவுடையப்பர் அவரை எதிர்கொண்டு அழைத்தார், மோர் கொடுத்தார், மரக்குவியலைக் காட்டினார்.

"கையப் பாக்காம ஆள் வைக்க முடியுமா அண்ணாச்சி? ஒரே ஒரு வேலை. செஞ்சு காட்டுங்க. அப்புறம் உக்காந்து பேசுவோம்."

சரியான பேச்சுதானே? வேலாண்டிக்கும் அப்படித்தான் பட்டது. தோணியின் அடிமரத்தைச் செதுக்கி நிறுத்தி, இருபுறமும் கீழ்ப்பலகைகளை வைத்துக் காட்டினார். ஆவுடையப்பர் சுற்றிச்சுற்றி வந்து பார்த்தார். பலகையைத் தட்டிப் பார்த்தார். முகத்தில் கொஞ்சம் திருப்தி, கொஞ்சம் குறை, இரண்டையும் சரிபாதியாக வரவழைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு. நான் சொல்லி அனுப்புறேன்."

வேலாண்டி சத்திரத்துக்குப் போய்க் காத்திருந்தார்.

அடுத்து வந்தவர் சடையன். அவருக்கும் மோர் கிடைத்தது. அவரிடமும், "ஒரே ஒரு வேலை. அப்புறம் உக்காந்து பேசுவோம்" என்றார் ஆவுடையப்பர். சடையன் பக்கப்பலகைகளை வளைத்து ஏற்றிக் காட்டினார். "நல்லாத்தான் இருக்கு. சொல்லி அனுப்புறேன்." அவர் வண்டிப்பேட்டையில் தங்கிக் காத்திருந்தார்.

பிறகு ஒருவர் வந்து விலாச்சட்டங்கள் வைத்தார். ஒருவர் உள்தளம் போட்டார். ஒருவர் சுக்கான் மாட்டினார். எல்லோருக்கும் ஒரே மோர், ஒரே பேச்சு. மூக்கையா என்ற ஓடாவி வந்தபோது தோணியின் உடம்பு முழுவதும் முடிந்திருந்தது. குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி வெளிப்புறம் முழுக்கப் பூசிக் காட்டச் சொன்னார் ஆவுடையப்பர். மூக்கையா பூசினார். தோணி வெயிலில் மின்னியது. அவருக்கும் பதில் அதுதான். "சொல்லி அனுப்புறேன்."

சொல்லி அனுப்புகிறேன் என்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானும் ஒருவரைப் பார்த்தேன். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. போகட்டும், கதைக்கு வருவோம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஆவுடையப்பரின் மனைவி உலகம்மைக்கு மனசு கேட்கவில்லை. "இத்தனை பேரு வந்துட்டுப் போறாங்க. ஒருத்தரையாவது வேலைக்கு வைக்கக்கூடாதா?" என்றாள்.

"மாம்பழத்தக் கடிச்சுப் பாக்காம யாராவது வாங்குவாங்களா?" என்றார் அவர்.

"ஆளுக்கொரு கடின்னு தோப்பையே தின்னு முடிச்சிட்டீங்களே!" என்று சொல்லிவிட்டு உலகம்மை அடுக்களைக்குப் போய்விட்டாள். ஆவுடையப்பர் சிரித்தார். தம்மைப் போலக் கெட்டிக்காரர் இந்தக் கரையில் இல்லை என்பது அவருடைய எண்ணம்.

இந்த நேரத்தில்தான் நம் ஆட்கள் ஊருக்குள் வந்தார்கள். மாடன் தெற்கே ஒரு குப்பத்து ஓடாவி. புயலில் அவனுடைய பட்டறை போயிற்று, வீடு போயிற்று, உளி சுத்தியல் பை ஒன்றுதான் மிஞ்சியது. அவன் மனைவி பேச்சி. அவள் இடுப்பில் பால்குடி மறக்காத பெண்குழந்தை. தண்டோராச் சத்தம் ஊர் ஊராகத் தாண்டி அவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது. கையிலிருந்த அவலைத் தின்றுகொண்டே நடந்து வந்தார்கள். சிப்பித்துறை வந்து சேர்ந்தபோது அவல் முடிந்திருந்தது.

பேச்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்குக் கேள்வி கேட்காமல் இருக்க வராது. சோறு வெந்ததா என்று அவளிடம் கேட்டால், "யாருக்குப் பசிக்கிது?" என்று திருப்பிக் கேட்பாள். இதனால் மாடனுக்கு வெளியூரில் பல சங்கடங்கள். எனக்கு என்னவோ அவளைப் பிடிக்கும். ஊரில் நாலு பேர் அப்படி இருந்தால்தான் மற்றவர்கள் கொஞ்சம் பயந்து நடப்பார்கள்.

மாடனுக்கும் மோர் கிடைத்தது. பாய்மரம் நிறுத்திக் காட்டும் வேலை அவனுக்கு வந்தது. பசியோடுதான் செய்தான். ஆனால் பிசகாமல் செய்தான். மரம் நின்றது. ஆவுடையப்பர் சுற்றி வந்து பார்த்தார்.

பேச்சி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "ஐயா, ஒரு சந்தேகம். இதுக்கு முன்னால எத்தனையோ பேரு வந்தாங்களாமே. வேலை யாருக்குக் கெடச்சுது?"

ஆவுடையப்பருக்கு இருமல் வந்தது. அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"அதெல்லாம் உனக்கெதுக்கும்மா?" என்றவர், மாடன் பக்கம் திரும்பினார். "தம்பி, உன் வேலை நல்லாத்தான் இருக்கு. இன்னும் ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. நாளை மறுநாள் வெள்ளோட்டம். அன்னைக்குத் தோணில ஓடாவியா நீ நில்லு. அப்புறம் உக்காந்து பேசுவோம்."

இந்த வெள்ளோட்டம் என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். சிப்பித்துறையில் ஒரு வழக்கம் இருந்தது. புதுத் தோணியை முதன்முதலில் கடலில் இறக்கும்போது அதில் சரக்கு ஏற்ற மாட்டார்கள், பாய் விரிக்க மாட்டார்கள். அதைக் கட்டிய ஓடாவி தன் பெண்டாட்டி பிள்ளையோடு அதில் ஏறி நிற்க வேண்டும். நீண்ட கயிற்றில் கட்டித் தோணியை ஆளுயரத் தண்ணீருக்கும் அப்பால் தள்ளிவிடுவார்கள். கரையில் துறைத் தலைவர் ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொள்வார். அவர் அதை மென்று முடித்துத் துப்பும்வரை தோணி மிதக்க வேண்டும். மிதந்தால்தான் மாலுமிகள் அதில் ஏறுவார்கள். ஓடாவி நிற்காத தோணியில் அந்த ஊரில் ஒரு நாய்கூட ஏறாது.

ஆவுடையப்பர் ஓடாவி வைக்கவே இல்லை. ஆகவே அவருக்கு ஒரு ஓடாவி அவசரமாகத் தேவைப்பட்டது. அதுவும் பெண்டாட்டி பிள்ளையோடு.

மாடனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நிக்கிறதுதானே? நின்னுட்டா வேலை கெடச்ச மாதிரிதான்" என்றான். ஆனால் பேச்சியின் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பதில் வராத கேள்வி அவளுக்குக் காலில் முள் தைத்த மாதிரி. மறுநாள் காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பதிலைத் தேடிப் புறப்பட்டாள்.

சத்திரத்தில் விசாரித்தாள். முதலில் வந்த வேலாண்டி இப்போது உப்பளத்தில் இருக்கிறார் என்றார்கள். போனாள். பேர்பெற்ற ஓடாவி முழங்கால் அளவு உப்புத் தண்ணீரில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தார். உள்ளங்காலெல்லாம் வெடிப்பு.

"அண்ணாச்சி, ஊருக்குப் போகலியா?"

"எப்படிம்மா போறது? சொல்லி அனுப்புறேன்னாரு. நான் போன அன்னைக்கு ஆள் வந்துட்டா? வயித்துப்பாட்டுக்கு இங்க வாரிக்கிட்டுக் கெடக்கேன்."

"வேலை யாருக்குக் கெடச்சுது?"

"எனக்கப்புறம் வந்த சடையனுக்குத்தான் கெடச்சிருக்கும். நான் அடிமரமும் கீழ்ப்பலகையும் வச்சதோட சரி. எனக்குக் கெடச்சிருந்தா கலப்பத்தும் நானே அடிச்சிருப்பேனே."

பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு இருக்கும் அல்லவா? அந்த இடுக்கில் பஞ்சும் பிசினும் திணித்து அடைப்பதைத்தான் கலப்பத்து என்பார்கள். அதை ஆளுக்கொரு பக்கமாகச் செய்யக்கூடாது என்பது ஓடாவிகளின் முறை. உடம்பு முழுவதும் கட்டி முடித்தபிறகு, தலைமை ஓடாவி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தன் கையாலேயே அடித்து வருவார். அதற்கு நாட்கணக்காகும். பேச்சி ஓடாவி வீட்டுப் பெண். அவளுக்கு இது தெரியும்.

சடையன் வண்டிப்பேட்டையில் சக்கரத்துக்குப் பட்டை போட்டுக்கொண்டிருந்தார். அவரும் சொல்லி அனுப்புவார்கள் என்று காத்திருந்தார்.

"வேலை யாருக்குக் கெடச்சுதுண்ணாச்சி?"

"மூக்கையாவுக்குத்தான். வேற யாருக்கு? அவன் பூசின பூச்சப் பாத்தியா, என்ன மினுக்கு மினுக்குது!"

"அப்ப கலப்பத்து நீங்க அடிக்கலியா?"

"நான் எதுக்கு அடிக்க? வேலை கெடச்சவன்லா அடிக்கணும்!"

பேச்சி நடையை எட்டிப் போட்டாள். மூக்கையா மீன்பிடிக்காரர்களோடு சேர்ந்து கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வலைக் கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"யாத்தா, ஆவுடையப்பர் ஆளா நீ? சொல்லி அனுப்பிச்சிட்டாரா?"

"இல்லண்ணாச்சி. பாய்மரம் நிறுத்தின மாடன் பெண்டாட்டி நான். வேலை யாருக்குக் கெடச்சுதுன்னு கேக்க வந்தேன்."

மூக்கையாவின் முகம் விழுந்துபோயிற்று. "என்னையக் கேக்கியே! உன் வீட்டுக்காரருக்குத்தானே கெடச்சிருக்கு? வெள்ளோட்டத்துல அவருதானே நிக்காராம்?"

"கலப்பத்து நீங்க அடிச்சீங்களா?"

"நான் வெளிப்பூச்சுதான் போட்டேன். உள்தளம் போட்டு மூடியிருந்துச்சு. உள்ளே யாராவது அடிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். இல்லன்னா உன் வீட்டுக்காரரு அடிச்சிருப்பாரு." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "அடிச்சாருல்ல?"

பார்த்தீர்களா வேடிக்கையை? வேலை தனக்கு இல்லை, அடுத்தவனுக்கு என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அதனால் இடுக்கு தன்னுடையது இல்லை, அடுத்தவனுடையது என்றும் நினைத்தார்கள். அடுத்தவன் அடுத்தவன் என்று போன சங்கிலி, கடைசியில் பசியோடு வந்த மாடனின் காலில் வந்து மாட்டிக்கொண்டது. இவர்களில் ஒருவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. கோபம் யார்மேல் என்று உங்களுக்கே தெரியும்.

பேச்சி ஓடிப்போய்ச் சொன்னாள். மாடன் நம்பவில்லை. தோணிக்குள் இறங்கி உள்தளத்தில் ஒரு பலகையை நெம்பிப் பார்த்தான். இடுக்கில் அவனுடைய உளிமுனை தடையில்லாமல் போயிற்று. பஞ்சும் இல்லை, பிசினும் இல்லை. வெளியே மினுங்கும் பூச்சு ஒன்றுதான் கடலைத் தடுக்க இருந்தது.

நேராக ஆவுடையப்பரிடம் போனான். "ஐயா, கலப்பத்து அடிக்காத தோணிய எறக்கக்கூடாது. என்னைய வேலைக்கு வையுங்க. வெள்ளோட்டத்தத் தள்ளி வையுங்க. நான் அடிச்சுத் தாறேன்."

ஆவுடையப்பருக்குச் சரக்கு விற்கத் தெரியுமே தவிரத் தோணி கட்டத் தெரியாது. வேலைக்கு வையுங்கள் என்ற சொல் மட்டும்தான் அவர் காதில் ஏறியது. இது ஏதோ தந்திரம் என்று நினைத்தார்.

"விருந்தாளியெல்லாம் வந்தாச்சு. நாள் குறிச்சாச்சு. உனக்கு அவ்வளவு ஆசையா இருந்தா இன்னைக்கே அடிச்சுக் காட்டு. அதுவும் கை பாக்குறதுதானே! நாளைக்குப் பெண்டாட்டி பிள்ளையோட நில்லு, வேலையப் பத்தி உக்காந்து பேசுவோம். முடியாதுன்னா வேற ஊரப் பாரு."

ஒரு பகலில் முடிகிற வேலையா அது? மாடன் திரும்பி வந்து சத்திரத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"எனக்கு நீச்சல் தெரியும்" என்றான் மெதுவாக.

"எனக்குந் தெரியும். பிள்ளைக்குத் தெரியுமா?" என்றாள் பேச்சி.

நின்றால் குழந்தைக்கு ஆபத்து, நிற்காவிட்டால் குழந்தைக்குப் பட்டினி. ஒரு தகப்பனை இப்படி ஒரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதைவிடப் பெரிய பாவம் எனக்குத் தெரியவில்லை.

"ஏங்க, நான் ஒரு கேள்வி கேக்கட்டுமா?" என்றாள் பேச்சி.

"எங்கிட்டயா?"

"இல்ல. நாளைக்கு, துறைத் தலைவர்கிட்ட."

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மாடன், "கேளு" என்றான்.

வெள்ளோட்டத்து நாள். கடற்கரையில் எள் போட்டால் எள் விழாது. தோணிக்கு மாலை, பாய்மரத்துக்கு மாவிலை, ஆவுடையப்பருக்குப் பட்டுத் தலைப்பாகை. உலகம்மை விருந்தாளிகளுக்குப் பந்தி போட்டுவிட்டு வந்து நின்றாள். உப்பளத்திலிருந்தும் வண்டிப்பேட்டையிலிருந்தும் வலைக்கரையிலிருந்தும் ஓடாவிகள் வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றார்கள். வேலை யாருக்குக் கிடைத்தது என்று பார்க்கிற ஆசை அவர்களுக்கும் இருக்காதா?

துறைத் தலைவர் வழக்கப்படி கேட்டார். "இந்தத் தோணியைக் கட்டிய ஓடாவி யார்? முன்னே வரட்டும்."

ஆவுடையப்பர் மாடனை முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

பேச்சி குழந்தையோடு முன்னால் வந்தாள். "ஐயா, ஒரு சந்தேகம். ஓடாவின்னா யாரு? தோணிக்காரர் வெத்தல பாக்கு வச்சு, இந்த வேலைய நீ செய்னு யார்கிட்டச் சொல்றாரோ அவருதானே?"

"அவர்தான்" என்றார் துறைத் தலைவர். "அதிலென்ன சந்தேகம்?"

"அப்ப, அந்த வெத்தலய வாங்கினது யாருன்னு கேளுங்கய்யா."

துறைத் தலைவர் மாடனைப் பார்த்தார். "நீ வாங்கினாயா?"

"இல்லைங்கய்யா. நான் பாய்மரம் நிறுத்திக் கையக் காட்டினேன். அவ்வளவுதான்."

"நான் கீழ்ப்பலகை வச்சுக் கையக் காட்டினேன்" என்றார் வேலாண்டி, கூட்டத்திலிருந்து.

"நான் பக்கப்பலகை" என்றார் சடையன்.

"நான் பூச்சு" என்றார் மூக்கையா.

பிறகு அங்கொரு குரல், இங்கொரு குரல். சுக்கான், விலாச்சட்டம், உள்தளம். கரையெல்லாம் ஓடாவிகள். வெற்றிலை வாங்கியவர் மட்டும் ஒருவரும் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்களில் யாருக்குமே வேலை கிடைக்கவில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. வேலாண்டி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது வியர்வை இல்லை.

கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. விருந்தாளிகள் காதோடு காது பேசினார்கள். ஆவுடையப்பருக்கு முகம் சிவந்தது.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு விசாரணை?" என்று அதட்டினார். "மரம் வாங்கினது யாரு? நான். எந்தப் பலகை எங்கன்னு சொன்னது யாரு? நான். இவங்கல்லாம் ஆளுக்கொரு பலகை வச்சாங்க, அவ்வளவுதான். தோணியக் கட்டினது நான்தான். போதுமா?"

"போதும்" என்றார் துறைத் தலைவர். வெற்றிலையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். "கட்டியவர் ஏறலாம். குடும்பத்தோடு."

ஆவுடையப்பர் மனைவியைப் பார்த்தார். உலகம்மை நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் காலையிலேர்ந்து ஒரே தலைவலி. நீங்க கட்டினது, நீங்களே நில்லுங்க" என்றாள்.

அப்போதும் பேச்சி விடவில்லை. பொல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள். "ஐயா, ஏறாதீங்க! உள்ள இடுக்கு எதையும் யாரும் அடைக்கல. எல்லாருக்கும் கேக்கும்படிதான் சொல்லுதேன். ஏறாதீங்க!"

"ஆமாங்கய்யா" என்றார் மூக்கையா. "என் பூச்சு ஒரு வெத்தலைக்குத் தாங்காது."

ஆவுடையப்பர் தோணியைப் பார்த்தார். அது மினுங்கியது. கூட்டத்தைப் பார்த்தார். அது காத்திருந்தது. இத்தனை தேர்ந்த கைகள் பட்ட தோணி எப்படி மோசம் போகும் என்று நினைத்தார். வேலை கிடைக்காத வயிற்றெரிச்சலில் பேசுகிறார்கள் என்று நினைத்தார். இப்போது பின்வாங்கினால் மானம் போய்விடும் என்று நினைத்தார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு ஏறிவிட்டார்.

தோணியைத் தள்ளினார்கள். கயிறு நீண்டது. துறைத் தலைவர் வெற்றிலையை வாயில் போட்டார்.

முதலில் ஆவுடையப்பரின் பெருவிரல் நனைந்தது. அலை தெறித்திருக்கும் என்று நினைத்தார். பிறகு கணுக்கால் நனைந்தது. குனிந்து பார்த்தார். உள்தளத்தின் எல்லா இடைவெளியிலும் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. பிறகு முழங்கால் நனைந்தது. அதற்குமேல் அவர் ஒன்றும் நினைக்கவில்லை.

"இழுங்கடா! கயித்த இழுங்கடா!"

ஓடாவிகள் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். பிடித்த கையோடு சடையன் குரல் கொடுத்தார். "ஐயா, இது வேலையா? இல்ல, கை பாக்குறதா?"

"வேலைதான்! வேலைதான்!"

"யாருக்கு வேலை?"

"எல்லாருக்கும்! ஐயோ, எல்லாருக்கும்!"

கரை முழுக்கச் சிரிப்பு. ஆனால் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்கும்போதே அவர்கள் இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பதிலுக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை. உயிரைக் காப்பாற்றக் கூலி பேசுகிறவர்கள் இல்லை அவர்கள்.

தண்ணீர் குடித்த தோணி கனத்துப்போய் ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஆவுடையப்பர் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டார். மாடன் நிறுத்திய மரம் ஆடவில்லை. ஆனால் தோணியே மூழ்கும்போது மரம் நிமிர்ந்து நின்று என்ன பயன்? மாடன் கடலில் குதித்து நீந்திப்போய், அவரைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தான். துறைத் தலைவர் இன்னும் வெற்றிலையை மென்று முடித்திருக்கவில்லை.

ஆவுடையப்பர் மணலில் உட்கார்ந்து உப்புத் தண்ணீரைக் கக்கினார். பட்டுத் தலைப்பாகை எங்கோ மிதந்தது. உலகம்மை முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள். "நல்லவேளை, எனக்குத் தலைவலி வந்துச்சு" என்றாள்.

ஆவுடையப்பர் தலையை நிமிர்த்தினார். கரையில் நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். உப்பில் வெடித்த கால்களைப் பார்த்தார். கடைசியில் பேச்சியின் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தார். அது தன் விரலைச் சூப்பிக்கொண்டு அவரையே வேடிக்கை பார்த்தது. இந்தக் குழந்தையை அல்லவா தோணியில் நிறுத்தப் பார்த்தோம் என்ற நினைப்பு அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. கெட்டிக்காரர்கள் அழுதால் பார்க்கச் சகிக்காது. ஆனால் அது நல்ல அழுகை.

எழுந்துபோய்த் துறைத் தலைவரின் தட்டிலிருந்தே வெற்றிலை எடுத்தார். மாடனின் முன்னால் நீட்டினார். "தம்பி, நீதான் தலைமை ஓடாவி. இன்னையிலேர்ந்து சோறு என் வீட்டுல. கூலிய இப்பவே பேசிருவோம்."

மாடன் உடனே கை நீட்டவில்லை. கூட்டத்தின் ஓரத்தைக் காட்டினான். "இவங்களும் வந்தாத்தான் நான் வருவேன். இவங்க வச்ச பலகைல குத்தம் இல்ல."

ஆவுடையப்பர் ஒவ்வொருவராகப் போய் வெற்றிலை வைத்தார். வேலாண்டியின் முன்னால் வந்தபோது இரண்டு கையாலும் நீட்டினார். வேலாண்டி வாங்கிக்கொண்டார். ஆனால் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன்.

தோணியைக் கரைக்கு இழுத்தார்கள், காயவைத்தார்கள், உள்தளத்தைப் பிரித்தார்கள். மாடன் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தன் கையாலேயே கலப்பத்து அடித்தான். ஊர்கூடி மறுபடி வெள்ளோட்டம் பார்த்தது. இந்தத் தடவை மாடனும் பேச்சியும் குழந்தையும் ஏறி நின்றார்கள். துறைத் தலைவர் வேண்டுமென்றே மெல்ல மென்றார். தோணி மிதந்தது.

ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லையா என்று கேட்கிறீர்கள். கசிந்தது. முகப்புப் பக்கத்தில் ஓரிடத்தில் கொஞ்சம் கசிந்தது. கசியாத தோணியை எந்த ஓடாவியும் இன்னும் கட்டவில்லை. ஆனால் தண்ணீரைக் கண்டதும் மாடன் மண்டியிட்டு, அந்த இடத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு, "இது என் இடுக்கு, நான் பாத்துக்கிறேன்" என்றான்.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: கூலி கொடுக்காமல் வாங்கிய வேலைக்குப் பொறுப்பேற்க ஒருவரும் இருக்க மாட்டார்; பொறுப்பேற்க ஆளில்லாத வேலை கரை சேராது.